சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

ஆயுத பூஜை வருகிறது என்றாலே எனக்குத் தூக்கம் போய்விடும். மற்றவர்களுக்குப் பொரி, கடலை, போனஸ், லீவு. எனக்கு மட்டும் ஈரத்துணிப் பயம். திருப்பூரில் பூஜைக்கு முந்தின நாள் ஒரு மெசினையும் சும்மா விட மாட்டார்கள். ஓவர்லாக் தையல் மெசினில் தொடங்கி கட்டிங் மெசின், பாய்லர், கேட்டில் நிற்கிற டெம்போ, தண்ணீர் மோட்டார் வரைக்கும் குளிப்பாட்டித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை சொருகினால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். சோறு போடுகிற இரும்பைக் கும்பிடுவதில் எனக்கும் பிணக்கு இல்லை. என் ஸ்கூட்டருக்கு நானே பொட்டு வைக்கிறவள்தான். ஆனால் கம்ப்யூட்டரும் ஒரு மெசின்தானே என்று யாராவது நினைத்துவிட்டால் போச்சு. அதனால் வருஷா வருஷம் பூஜைக்கு முந்தின வாரமே ஒவ்வொரு கம்பெனியாகப் போய், சர்வர் பெட்டிக்கு முன்னால் நின்று கத்திவிட்டு வருவேன். பொட்டு வையுங்கள், பூப் போடுங்கள், ஆரத்தி எடுங்கள், மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

பனியன் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. சொன்னால் யாருக்கும் புரியாது. "ஏனுங் அம்மணி, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சுங், சித்தெ வந்துட்டுப் போங்" என்று கூப்பிடுவார்கள். போய் பேப்பரை உருவிவிட்டு, வந்ததே வந்தோம் என்று சர்வரையும் பார்த்துவிட்டு வருவேன். இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இது ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற கம்பெனியைப் பற்றியது. முதலாளிக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். நல்ல மனுஷன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "ஷிப்மென்ட் போகட்டுங்" என்பார். ஷிப்மென்ட் போகும், அடுத்த ஷிப்மென்ட் வரும், நான் கேட்டது அங்கேயே கிடக்கும். அவருடைய சர்வர் பேட்டர்ன் ரூமில் இருந்தது. பேட்டர்ன் ரூம் என்றால், ஒரு பனியனுக்குக் கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு என்று அளவு போட்டு, துணி வெட்டுவதற்கு வடிவம் தயார் பண்ணுகிற அறை. ஏசி இருக்கிற ஒரே அறை அதுதான் என்பதால் சர்வரையும் அங்கே உட்கார வைத்திருந்தோம்.

அந்தப் பெட்டியின் முன்பக்கம் இரண்டு டிரே. மேலே இருப்பது டேட்டா டிஸ்க், கம்பெனியின் அத்தனை பேட்டர்னும் கணக்கும் அதில்தான். கீழே இருப்பது பேக்கப் டிஸ்க். எது எது என்று ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கரில் எழுதி வைத்திருந்தேன். வாரா வாரம் சனிக்கிழமை மதியம் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், தானாக ஓடும். கீழ் டிரேயில் இருக்கிற டிஸ்கைச் சுத்தமாக அழித்து, புதிதாக லேபிள் எழுதி, ஃபார்மேட் பண்ணி, மேல் டிரேயில் உள்ள கம்பெனி சமாச்சாரங்களை அதில் நகல் எடுக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட் அது.

லேபிள் என்றால் என்ன என்று முதலாளிக்கு ஒரு தடவை விளக்கினேன். காடு பாகம் பிரிக்கிற மாதிரிதானுங்க என்றேன். வெறும் டிஸ்க் என்பது பிரிக்காத காடு. அதன் தலைமாட்டில் ஒரு சின்ன அட்டவணை எழுதுவோம். இங்கிருந்து இதுவரை ஒரு பார்ட்டிஷன், அங்கிருந்து அதுவரை இன்னொன்று. அதுதான் எல்லைக்கல். கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் மண் எங்கேயும் போகாது, எது யாருடையது என்பது மட்டும் தெரியாமல் போகும். "அட, இவ்வளவுதானுங்ளா? எம் பங்காளி இந்தக் கல்லப் புடுங்கறதத்தானுங் பண்ணீட்டு இருக்கறான்" என்று சிரித்தார்.

ஒரு சிக்கலையும் அப்போதே சொன்னேன். நம் சிஸ்டம் யூனிக்ஸ் வம்சம். அது டிஸ்குகளுக்கு ஆளைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்து வைக்கிறது. மேல் டிரேயில் எது உட்கார்ந்தாலும் அது எஸ்டிஏ, கீழ் டிரேயில் எது உட்கார்ந்தாலும் அது எஸ்டிபி. பழைய ஸ்கிரிப்ட் இந்தப் பெயர்களை நம்பித்தான் ஓடுகிறது. இடம் மாறினாலும் டிஸ்கை அடையாளம் காணுகிற மாதிரி மாற்றி எழுதித் தருகிறேன், கூடவே பேக்கப்புக்குப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்குங்கள், ஒரு நாள் மெசினை நிறுத்தினால் போதும் என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இனி பேட்டர்ன் அண்ணன். அந்த அறையின் ராஜா அவர்தான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமான புதிதில் மனைவியோடு வந்தவர். கட்டிங்கில் சேர்ந்து, பேட்டர்னுக்கு வந்து, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடவும் பழகிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், அங்கே மைக் இல்லாமல் வேதம் வாசிக்கிறவர். என்ன குரல் அது! இவர் கட்டிங் டேபிளின் இந்த முனையில் கூப்பிட்டால் அடுத்த தெருவில் டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்ப்பார். "அண்ணா, உங்களுக்கெல்லாம் எதுக்குங் போனு? சும்மா பேசுனாலே ஊருக்குக் கேக்குமே" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "கடக்கரைக் காத்துல கத்திப் பழகுன தொண்டைலா தங்கச்சி" என்பார், அதையும் கத்தியேதான் சொல்வார்.

அந்தத் தொண்டைதான் போனது. முதலில் கரகரப்பு. பஞ்சுத் தூசி என்று மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பார்த்தார். மழைக்காலம் முடிந்தும் சரியாகவில்லை. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உயிர் நிற்கும், பேச்சு நிற்காது.

அதைக் கேட்டு வந்த வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போதே குரல் பாதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் குரல்தான்.

"எனக்கு ஒரு எடம் வேணும் தங்கச்சி. இந்த மெசினுக்குள்ள. ஒருத்தரும் கை வைக்காத எடமா இருக்கணும்."

எதற்கு என்றேன். அவருக்கு ஒரே மகள். நர்சிங் முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிறபோது அப்பாவிடம் பேச்சு இருக்காது. அதனால் இப்போதே பேசி வைத்துவிட வேண்டும். கல்யாணத்தன்று வீட்டிலிருந்து அவள் கிளம்புகிறபோது போட்டுக் கேட்க வைக்க வேண்டும். அதுவரை அவளுக்கும் தெரியக்கூடாது, அவள் அம்மாவுக்கும் தெரியக்கூடாது.

"போன்லயே பேசி வைக்கலாமுங்களே அண்ணா?"

"எங்க வீட்டுல போனு பொதுச்சொத்துல்லா. மவ எடுத்து நோண்டுனான்னா அன்னைக்கே கேட்டுருவா. எம்முன்னால அழுவா. எனக்கு அது தாங்காது."

பென்டிரைவ் என்றேன். கட்டிங் துணியோடு துணியாகப் போய்விடும் என்றார். சரி, என் வீட்டு டிஸ்கிலும் ஒரு நகல் வைக்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். "ரெண்டு எடத்துல வச்சா ரெண்டு பயம் தங்கச்சி. ஒரு எடத்துல வச்சா ஒரு பயந்தான்." அவர் கணக்குப்படியே விட்டுவிட்டேன்.

முதலாளியிடம் கேட்டேன். "அண்ணனுக்கு இல்லாத எடமாங்? குடுங் அம்மணி" என்றார். டேட்டா டிஸ்கின் கடைசியில் கொஞ்சம் பிரிக்காமல் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆரம்ப எண், முடிவு எண், பெயர். என்ன பெயர் என்று கேட்டதும் மகளின் செல்லப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. டபிள்யூ எழுத்தைத் தட்டினால் லேபிளில் எழுதிவிடும் என்றேன். நான் தட்டவா என்று கேட்டு, ஒற்றை விரலால் அவரே தட்டினார். "பூட்டு உண்டா?" என்றார். உண்டுங்க, உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் திறக்கும் என்றேன். வார பேக்கப்பில் மட்டும் இது சேராது, கீழ் டிஸ்கில் இடம் பத்தாது, முதலாளி பெரிய டிஸ்க் வாங்கட்டும் என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

மைக்கைச் சொருகிச் சரிபார்க்க நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். "கேக்குதா தங்கச்சி? இங்கன பேசுனா போதுமா?" என்றார். கேக்குதுங்ண்ணா என்றேன். அவர் பேசி வைத்ததில் நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும், மெசின்கள் நிற்கிற சாப்பாட்டு வேளையில் பேட்டர்ன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். நான் அங்கே போயிருந்த ஒரு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையை நீட்டி யாரையோ ஏசுகிறார். அப்புறம் சிரிக்கிறார். வெளியே வந்ததும் என்னதானுங்ண்ணா பேசுறீங்க என்று கேட்டேன். ஆசீர்வாதம் மட்டும் பேசினால் கோயிலில் சாமியார் பிரசங்கம் பண்ணின மாதிரி ஆகிவிடும் என்றார். அதனால் விடிந்தும் எந்திரிக்காத மகளை ஏசுகிற மாதிரி ஒன்று, தெருமுனைக்கு வந்ததும் அவளைக் கூப்பிடுகிற மாதிரி ஒன்று, அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதைக் கொஞ்சுகிற மாதிரி ஒன்று. "பேரப்புள்ள தாத்தாவ ஊமைன்னு நெனச்சிரக் கூடாதுல்லா" என்றார்.

ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, திரும்ப வேலைக்கு வந்தார். தொண்டையில் துளை. அதை மறைக்கப் பனியன் துணியில் தானே பேட்டர்ன் போட்டு, தானே வெட்டி, கழுத்துக்கு ஒரு மறைப்புத் தைத்துப் போட்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேட்டர்ன் அட்டையில் துணி மார்க் பண்ணுகிற சாக்பீஸால் எழுதுவார். அந்த அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. எனக்கு அங்கே போகவே பிடிக்காமல் போனது. அவர் மட்டும் நான் போகும்போதெல்லாம் சர்வர் பெட்டியைக் காட்டி, புருவத்தை உயர்த்துவார். பத்திரமா என்று அர்த்தம். பத்திரமுங்ண்ணா என்பேன். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று எழுதிக் காட்டினார். எழுத்து எல்லாம் மேலேறிப் பறந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல் முந்தின வாரமே போய்க் கத்தினேன். அன்று அண்ணன் ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போயிருந்தார்.

அவர் பூஜையில் கும்பிட மாட்டார், ஓரமாக நிற்பார், பொரி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் மெசின் துடைப்பதில் அவரை மிஞ்ச அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. "எம்மெசினு அழுக்கா இருந்தா அடுத்தவன் சாமி நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?" என்று குரல் இருந்த காலத்தில் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதோடு விட்டுவிடுவார். இந்த வருஷம் அந்தப் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி இல்லையே. உள்ளே மகளுக்கான பேச்சு இருக்கிறது. அதனால் ஆசை ஆசையாகத் துடைத்திருக்கிறார். மெசினை முறைப்படி ஆஃப் பண்ணி, இரண்டு டிரேயையும் வெளியே இழுத்து, டேபிளில் துணி விரித்து வைத்து, தூசி ஊதி, தண்ணீர் படாமல் துடைத்திருக்கிறார். டிரேயின் ஸ்டிக்கரில் வருஷக்கணக்கான கையழுக்கு. துணியில் எண்ணெய்க்கறை பட்டால் எடுக்கிற கெமிக்கல் கன் ஒன்று எல்லாப் பனியன் கம்பெனியிலும் இருக்கும். கறையில் வைத்து அடித்தால் கறை இருந்த இடம் தெரியாது. அதை எடுத்து ஸ்டிக்கரில் அடித்திருக்கிறார். அழுக்கோடு சேர்ந்து என் மார்க்கர் எழுத்தும் போய்விட்டது. வெள்ளை வெளேரென்று இரண்டு டிரே. இரண்டையும் திருப்பிச் சொருகிவிட்டார். அப்புறம் யாரோ வந்து இரண்டுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

மேலே இருக்க வேண்டியது கீழே. கீழே இருக்க வேண்டியது மேலே.

சனிக்கிழமை ஒப்புக்குக் கம்பெனியைத் திறந்து மெசினைப் போட்டார்கள். மேல் டிரேயில் பேக்கப் டிஸ்க், அதில் போன வாரத்து நகல் இருக்கிறது, எல்லாம் சரியாக இருப்பது போலவே திறந்தது. பாதிப் பேர் லீவு. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மதியம் ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. கீழ் டிரேயில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதலாளி போன் பண்ணினார். "அம்மணி, பூசைக்கு முந்தி போட்ட பேட்டர்ன் நாலஞ்சக் காணோமுங். சித்தெ வாங்." பிரிண்டர் இல்லை, பேட்டர்ன் என்றதுமே எனக்குச் சுருக்கென்றது. போய் பெட்டிக்கு முன்னால் குனிந்தேன். மாறி உட்கார்ந்திருந்த இரண்டு வெள்ளை ஸ்டிக்கர்களும் சந்தனமும் தெரிந்தன. ஒவ்வொரு டிஸ்குக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு, அது இடம் மாறினாலும் மாறாது. அதை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை அழிந்தது எந்த டிஸ்க் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்து, கட்டிங் ஹால் நடுவில் நின்று கத்தினேன். "எந்தப் புண்ணியவானுங்க இதக் கழட்டுனது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கையில புடிச்சிருந்த ஈரத்துணிய எங்கயாச்சும் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

மெசின்கள் நின்றன. ஹிந்திக்காரப் பையன்கள் கூட என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். திரும்பினேன். எனக்குப் பின்னால் ஒரு கை மெதுவாக மேலே வந்தது. பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. பேட்டர்ன் அண்ணன். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. தப்புப் பண்ணிட்டேனா என்கிற சிரிப்பு. அவருக்கு இன்னும் தெரியாது. அந்த நிமிஷத்தில் அந்த ஹாலில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

முதலாளி ஓடிவந்தார். கம்பெனி டேட்டா தப்பித்தது என்று சொன்னேன். பூஜைக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் உள்ளது எல்லாம் பேக்கப் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, நடுவில் போட்ட நாலைந்து பேட்டர்ன்தான் போச்சு, திரும்பப் போட்டுக்கலாம். "அப்பாடா! மாரியாத்தா காப்பாத்தீட்டாங் போங். எரியற ஊட்ல புடுங்குனது லாபமுங்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மிச்சமிருந்த பூஜைப் பொரியை எனக்கு ஒரு கவரில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அறைக்குள் போய் அட்டையை எடுத்து எழுதிக் காட்டினார்.

'நம்ம எடம்?'

பார்க்கிறேனுங்ண்ணா என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கே கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதிய புது லேபிளில் டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன். அண்ணனின் எல்லைக்கல் இல்லை. ஆனால் கல் எங்கே இருந்தது என்ற எண்களைப் பெட்டிக்குள் தனியாக இருக்கிற சிஸ்டம் டிஸ்கில் நான் எழுதி வைத்திருந்தேன். அவற்றை எடுத்துப் பழைய லேபிளை அப்படியே திரும்ப எழுதினேன். இரண்டு பார்ட்டிஷனும் வந்துவிட்டன. கடைசியில் மகளின் செல்லப் பெயர். அதைத் திரையில் பார்த்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார். நான் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

பழைய மாதிரிச் சுழல்கிற டிஸ்காக இருந்திருந்தால் எனக்குப் பயமே இல்லை. ஃபார்மேட் பண்ணினாலும் மண் அப்படியே கிடக்கும், தோண்டிப் பார்க்கலாம். இது எஸ்எஸ்டி. வேகமாக ஓட வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. இதற்கு ஒரு புத்தி உண்டு. ஃபார்மேட் பண்ணுகிறபோது, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று சிஸ்டம் அதற்குச் சொல்லும். உடனே அதுவே உள்ளே எல்லாவற்றையும் காலி பண்ணிவிடும், அதற்கு ட்ரிம் என்று பெயர். யாரும் கேட்காமலே அவ்வளவு சுத்தம் பார்க்கிற ஒன்றைத் திருப்பூரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அது சில நேரம் அரைகுறையாகச் செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத்தான் நம்பினேன்.

அந்தப் பார்ட்டிஷனில் என்ன இருக்கிறது என்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துக் காட்டுகிற கமாண்டைப் போட்டேன். அண்ணன் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு வரி முழுக்கச் சைபர். அதற்கு அடுத்த வரியில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி. அதற்குக் கீழே முடிவு எண்.

அண்ணன் குனிந்து அந்த நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். அத்தனை சைபருக்கு நடுவில் சைபர் இல்லாத ஒன்று அதுதானே. ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அந்த கமாண்ட் அத்தனையையும் எழுதாது. ஒரு நட்சத்திரம் போட்டு நிறுத்திக்கொள்ளும். மேலே உள்ள வரிதான் இனிக் கடைசி வரைக்கும் என்று அர்த்தம். இதை நான் அந்த மனுஷனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கையால் அட்டையில் எழுதினார்.

'எல்லாமேவா?'

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுந்தார். டேபிளில் கிடந்த கறை எடுக்கிற கன்னை எடுத்து, வயரைச் சுற்றி, அதன் கொக்கியில் மாட்டினார். திரும்பி வந்து அட்டையைத் துடைத்துவிட்டு எழுதினார். 'மவளுக்குத் தெரியக் கூடாது.' நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முதலாளி மேல் கோபப்பட்டேன், ஸ்கிரிப்ட் எழுதின முகம் தெரியாத ஆள் மேல் கோபப்பட்டேன், கடைசியில் அந்தப் பொரிக் கவரைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

இருந்தாலும் விடவில்லை. அழிந்த டிஸ்கை மீட்டுத் தருகிற கடை ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, டிஸ்கைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் அதை மடியில் வைத்திருந்தார். அந்தக் கடைத் தம்பி மாட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுத்தான். "எஸ்எஸ்டி ட்ரிம் ஆனா அவ்வளவுதாங்க்கா. டேட்டா முக்கியமானதுங்களா?" என்றான். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன்? சர்வர், விலைவாசி, மழை. வாய் இருக்கிறவள் என்கிற ஒரே காரணத்துக்காகப் பேசினேன். அவிநாசி தாண்டியதும் அவர் என் கையைத் தட்டினார். போதும் என்று அர்த்தம்.

அந்த வாரமே முதலாளி பெரிய பேக்கப் டிஸ்க் வாங்கிக் கொடுத்தார். மெசினை ஒரு நாள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஸ்கிரிப்டை மாற்றி எழுதினேன். இப்போது அது இடத்தை நம்பாது, டிஸ்கின் பிறவி எண்ணைப் பார்த்துத்தான் கை வைக்கும். அண்ணனின் பார்ட்டிஷனை நான் எடுக்கவில்லை. லேபிளில் அந்தச் செல்லப் பெயர் இன்னும் இருக்கிறது. புது ஸ்கிரிப்ட் வாரா வாரம் அதையும் சேர்த்து நகல் எடுக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் எடுக்கிறது.

தையில் கல்யாணம் நடந்தது. கோயிலில் முடிந்து, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. பெண்ணைப் பெற்றவர் சார்பில் நன்றி சொல்ல அண்ணனின் மச்சினர் மைக்கைப் பிடித்தார். அண்ணன் கோட் போட்டு, கழுத்துக்குப் பட்டுத் துணியில் தைத்த மறைப்புக் கட்டி, பக்கத்தில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். நான் மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்தேன். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அக்கா, நீங்கதான அப்பா கம்பெனியில கம்ப்யூட்டர்லாம் பாக்கீங்க?"

"ஆமா கண்ணு."

"அங்க எங்கயாச்சும் அப்பா பேசுனது ஏதும் இருக்குமாக்கா? கேமராவுல, போன் ரெக்கார்டிங்ல, எதுலயாச்சும். வீட்டுல இருக்க வீடியோ எல்லாத்துலயும் பாட்டுச் சத்தந்தான் கேக்கு. எனக்கு அப்பா எப்படிக் கூப்புடும்னே மறந்துட்டு வருதுக்கா."

அண்ணன் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார், மெதுவாக, ஒரே ஒரு தடவை.

என் காதில் அந்தக் குரல் இருக்கிறது. கேக்குதா தங்கச்சி, இங்கன பேசுனா போதுமா. அதை எடுத்து அவள் கையில் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

"இல்ல கண்ணு" என்றேன். "தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவள் சரிக்கா என்றாள். போட்டோக்காரர் கூப்பிட்டார். அண்ணன் வந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார், மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.